வழியில் பேசக் கூடாது

நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு போகப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு, சென்ற மாதம் எங்கள் பங்குக் கோயிலில் ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வுபெற்ற உபதேசியார் என்பதால் என்னையும் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் ஒரு பள்ளி ஆசிரியை எழுந்து, "ஐயா, நற்கருணைச் சிமிழை எடுத்துக்கிட்டுப் போற வழியில போன் வந்தா எடுக்கலாமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எடுக்கக் கூடாதும்மா" என்றேன்.

"அவசரமா இருந்தா?" என்று அவர் விடாமல் கேட்டார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது; கூட்டமும் கலைந்துவிட்டது. சொல்ல நினைத்த பதிலை இங்கே எழுதுகிறேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சுழிப் பக்கம் ஒரு பங்கில் உபதேசியாராகச் சேர்ந்தேன். அதற்கு முன் மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தில் வேதாகமமும் பாட்டும் ஜெபமுறைகளும் படித்திருந்தேன். படித்ததில் பாதி முதல் வருஷத்திலேயே மறந்துபோனது. வானம் பார்த்த பூமி எங்களுடையது. கரிசலில் பருத்தி, கம்பு, மிளகாய் போடுவார்கள்; மழை தவறினால் சீமைக் கருவேல் மட்டும் தானாக முளைத்து நிற்கும். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஓர் ஊரில் நாலைந்து, இன்னோர் ஊரில் ஒரு தெரு என்று சிதறிக் கிடந்தன. சாமியாரால் எல்லா ஊருக்கும் எல்லா ஞாயிறும் போக முடியாது. அவர் போகாத ஞாயிறுகளில் உபதேசியார் போய்ச் சிற்றாலயத்தைத் திறந்து, வாசகம் வாசித்து, ஜெபம் சொல்லிவிட்டு வர வேண்டும். சாவு, கல்யாணம், வரப்புச் சண்டை எதுவானாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான்.

எங்கள் பங்குத்தந்தையை ஊரில் எல்லாரும் இஞ்ஞாசி சாமி என்று சொல்வார்கள். ஒல்லியான, உயரமான மனிதர். அதிர்ந்து பேசியதை நான் கேட்டதில்லை. வலது முழங்காலில் எப்போதோ பட்ட அடி ஒன்று அவரை விடாமல் படுத்தியது. ஆனாலும் பீடத்தில் நற்கருணையை வைத்துப் பூட்டியிருக்கும் பேழைக்கு முன்னால் வரும்போதெல்லாம் அந்த முழங்காலை முழுசாகத் தரையில் ஊன்றுவார். எழும்போது பீடத்தைப் பிடித்துக்கொள்ள மாட்டார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "தலைகுனிஞ்சு வணங்கினாப் போதுமே சாமி. முடியாதவுகளுக்குச் சட்டமே இடம் கொடுக்குதே" என்றேன்.

"சட்டம் இடம் கொடுக்குது. மனசு கொடுக்கலையே, உபதேசியாரே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உடுப்பறையில் பூசை உடை அணியத் தொடங்கிவிட்டால் யாரும் அவரிடம் எதுவும் கேட்க முடியாது. வாயில் ஜெபம் ஓடிக்கொண்டிருக்கும். சந்தை, சண்டை, ஓட்டை விழுந்த ஓடு எல்லாம் பூசைக்குப் பிறகுதான். பூசை முடிந்ததும் பீடத்துத் துணியை உள்பக்கமாக மடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், துகள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். அந்தத் துணியின் முதல் அலசலை அவரே செய்வார். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் கோயிலுக்குப் பின்னாலிருந்த வேம்பின் தூரில் ஊற்றுவார். குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்துக் காத்திருந்த கோடையிலும் அது நின்றதில்லை. சிறு பிள்ளைகள் அவசர அவசரமாகச் சிலுவை அடையாளம் போடும்போது, "ஈ ஓட்டுறியா, சிலுவை போடுறியா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கையைத் தன் கையால் பிடித்து நெற்றி, நெஞ்சு, தோள்கள் என்று நிதானமாக வைத்துக் காட்டுவார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. அலுவல் அறைக்குள் யார் வந்தாலும் எழுந்து நிற்பார். ஆயர் வந்தாலும் அப்படித்தான், பருத்தி எடுத்த கையோடு முந்தானையில் ஒட்டிய பஞ்சுடன் வருகிற கூலிக்காரப் பெண் வந்தாலும் அப்படித்தான். அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் இவர் உட்காருவார். பேழைக்கு முன் முழங்காலிடுவது ஒரு பழக்கம், ஆள் வந்தால் எழுந்து நிற்பது இன்னொரு பழக்கம் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று விளங்க ஒரு பகல் பொழுது எனக்குத் தேவைப்பட்டது.

வேறு மதத்து வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பூசையில் அர்ச்சிக்கப்பட்ட கோதுமை அப்பம் எங்களுக்கு அப்பம் அல்ல, ஆண்டவரே. அதைத்தான் நற்கருணை என்கிறோம். முன்பெல்லாம் குருக்களைத் தவிர வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். பிறகு, ஆயரின் அனுமதி பெற்ற உபதேசியார்கள் நோயாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஆனது. எனக்கு அந்த அனுமதி கிடைத்த அன்று இஞ்ஞாசி சாமி என்னை உடுப்பறைக்குக் கூட்டிப்போனார்.

"கையைக் காட்டுங்க" என்றார். நகங்களைப் பார்த்தார். பிறகு மூடிபோட்ட சின்னப் பித்தளைச் சிமிழையும், அதை வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் துணிப்பையையும் கொடுத்தார். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நோயாளியின் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். சிலுவை, மெழுகுவர்த்தி, கிண்ணத்தில் தண்ணீர் மூன்றும் அதன்மேல் இருக்க வேண்டும். விழுங்க முடியாதவர் என்றால் சிறு துண்டாக்கி, ஒரு கரண்டித் தண்ணீரோடு கொடுக்கலாம். கொடுத்தபின் விரல்களை அந்தக் கிண்ணத்தில் கழுவி, தண்ணீரைச் செடிக்கோ மரத்துக்கோ ஊற்ற வேண்டும்.

"போற வழியில பேசக் கூடாது. டீ குடிக்கக் கூடாது. வேற சோலி எதுவும் பார்க்கக் கூடாது. நேராப் போகணும்."

"யாராச்சும் பேச்சுக் கொடுத்தா, சாமி?"

"சிரிங்க. தலையாட்டுங்க. நீங்க தனியாப் போகல. கூட வர்றவரை நடுரோட்டுல நிக்க வச்சுட்டுக் கதை பேசுவீங்களா?"

அன்று முதல் நான் அப்படித்தான் போனேன். சிமிழ் கழுத்தில் இருக்கும்போது வெள்ளைத் துண்டை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்வேன். வீரசோழன் ரோட்டில் பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருந்த பாய், துண்டைப் பார்த்ததுமே புரிந்துகொள்வார். கடையில் இருப்பவர்களிடம், "அவுகள யாரும் கூப்புடாதீக, சாமியோட போறாக" என்பார். அதற்கு அப்பால் கண்மாய்க் கரையோரம் மிளகாய்க் காடு வைத்திருந்த சுப்பையா மற்ற நாட்களில் என்னை நிறுத்தி வைத்து வம்பளக்காமல் விடமாட்டார். துண்டு கட்டியிருந்தால் டிராக்டரின் சத்தத்தைக் கூடக் குறைத்துவிடுவார்.

வெளியாட்கள் புரிந்துகொண்ட அளவுக்கு எங்கள் ஆட்கள் முதலில் புரிந்துகொள்ளவில்லை. "சாமியார் கையால வாங்குன வாயி இது" என்று பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் எனக்கு முதலில் வாய் திறந்தவர் ஞானமுத்து. அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஞானமுத்து சொந்தமாகக் கொஞ்சம் கரிசல் வைத்துப் பருத்தி போட்டவர். நெஞ்சுச்சளி முற்றிப் படுத்திருந்தார். "அனுப்புனவரு பாத்துத்தான் அனுப்பியிருப்பாரு. கொடுங்க" என்று வாயைத் திறந்தார். அதன்பிறகு அந்த ஊரில் யாரும் மறுக்கவில்லை.

மழை அடியோடு பொய்த்துப்போன ஒரு வருஷம், ஞானமுத்துவின் மகன் அந்தோணி காலையிலேயே பங்குக் கோயிலுக்கு வந்தார். சாமியார் ஆயர் இல்லத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பொழுது சாயத்தான் வருவார்.

"அப்பா கேட்டுக்கிட்டே இருக்காக, உபதேசியாரே. இன்னைக்குத் தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. சாமி வந்துட்டாரா, சாமி வந்துட்டாரான்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்காக."

"நீங்க முன்னால போங்க. அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்."

"நான் எம்.ரெட்டியபட்டிக்குப் போயி அக்காளக் கூட்டிக்கிட்டு வாரேன். வீட்டுல அம்மா எல்லாம் எடுத்து வச்சிருக்கு."

சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் நற்கருணைக்கு எங்களில் வழியுணவு என்று பெயர். அதைக் கேட்டு ஒருவர் காத்திருந்தால், அதற்கு மேல் உபதேசியாருக்கு வேறு வேலை கிடையாது. கை கழுவி, முழங்காலிட்டு, பேழையைத் திறந்து எடுத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, பாயின் கடையைத் தாண்டி, வண்டிப்பாதையில் வேகமாக நடந்தேன்.

மழை இல்லாத வருஷங்களில் அந்தப் பக்கம் கரிமூட்டம்தான் பிழைப்பு. கருவேல விறகை வட்டமாகக் குவித்து அடுக்கி, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் பூசி, உள்ளே நெருப்பை அடக்கி நாள்கணக்கில் வேகவிடுவார்கள். விறகு கரியாகக் கரியாக மேல்மண் அங்கங்கே இறங்கி ஓட்டை விழும். அதன்வழியாகக் காற்றுப் புகுந்துவிட்டால் மொத்தமும் சாம்பலாகிவிடும். அதனால் ஆள் மேலே ஏறி மண்ணை அப்பி அடைக்க வேண்டும்.

கண்மாய்க் கரைக்குக் கீழே அப்படி ஒரு மூட்டத்திலிருந்து அலறல் கேட்டது. ஓட்டையை அடைக்க ஏறிய ஒரு பெண்ணின் காலடியில் மண் உடைந்து, ஒரு கால் தொடை வரைக்கும் உள்ளே போயிருந்தது. அவரோடு வேலை பார்த்த வயதான அம்மா மேலே ஏறி இழுத்துப் பார்த்து, சூடு தாங்காமல் உருண்டு கீழே விழுந்தார். "யாராச்சும் வாங்களேன்! புள்ள வேகுதே!" என்று வெற்று வெளியைப் பார்த்துக் கத்தினார்.

நான் நின்றேன். எதிரே பனைமரங்களுக்கு மேலே எங்கள் சிற்றாலயத்தின் சிலுவை தெரிந்தது. அங்கே ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். நெஞ்சில் சிமிழுக்குள் இருந்தவரிடம் அந்த நேரத்தில் நான் யோசனை கேட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். கேட்கவில்லை. கால் தானாகத் திரும்பிவிட்டது.

ஓடும்போதே சிமிழ்ப் பையை முதுகுப்பக்கம் தள்ளி, துண்டால் இறுக்கிக் கட்டினேன். மூட்டத்தின் மேல் நடப்பதற்காக ஒரு பனஞ்சட்டத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். அதை ஓட்டைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, அந்தப் பெண்ணின் அக்குள்களில் கைகொடுத்து இழுத்தேன். "விட்டுறாதீக அண்ணே, விட்டுறாதீக" என்றார். மண்ணின் சூடு சட்டைக்குள் ஏறியது. முதல் இழுப்பில் வரவில்லை. அடுத்த இழுப்பில் இரண்டு பேரும் சேர்ந்தே கீழே சரிந்து விழுந்தோம். சேலையில் நெருப்புப் பிடித்திருந்தது. மண் குழைக்க வைத்திருந்த தண்ணீர் அழுக்காயிருந்ததால் குடிக்க வைத்திருந்த குடத்தை எடுத்துக் காலில் கவிழ்த்தேன்.

சுப்பையாவின் காட்டுக்கு ஓடினேன். டிராக்டரில் இருந்தவர் என் துண்டைப் பார்த்துவிட்டு வழக்கம்போல் சத்தத்தைக் குறைத்தார்.

"சுப்பையா, வண்டிய எடுங்க! கரிமூட்டத்துல ஒரு பொண்ணு விழுந்துருச்சு!"

அவர் திகைத்துப்போனார். "என்ன உபதேசியாரே, நீங்க பேசக் கூடாதுல்ல?"

"பேசியாச்சு. எடுங்க வண்டிய."

டிரெய்லரில் சாக்கை விரித்து அந்தப் பெண்ணை ஏற்றினோம். காளியம்மாள் என்று அப்போதுதான் பெயர் தெரிந்தது. வயதான அம்மாவின் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. அவரால் யாரையும் பிடித்துக்கொள்ள முடியாது; காளியம்மாளின் வீட்டுக்குச் சேதி சொல்ல நடந்தார். "நீங்க ஆசுபத்திரில சேத்துருங்க, நான் இப்படியே ஊருக்குள்ள போறேன்" என்றேன். சுப்பையா இன்ஜினை அணைத்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீக. தீப்பட்ட பொம்பளைய நான் ஒத்தையில கொண்டு போனா, ஆசுபத்திரில மொதல்ல என்னையத்தான் உக்கார வைப்பாக. போலீஸு வரும், கேஸு வரும். நீங்க கூட வந்தா எடுக்கேன். இல்லன்னா என்னால முடியாது."

பயந்த மனிதர்தான், கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் யாரும் அப்படித்தான் பயப்படுவார்கள். சிலுவையை இன்னொரு தடவை பார்த்தேன். கூப்பிடு தூரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் போய்த் திரும்பும் வரைக்கும் அந்தக் கால் காத்திருக்காது. டிரெய்லரில் ஏறி உட்கார்ந்தேன்.

பாதை முழுக்கக் குண்டும் குழியும். காளியம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் எதையாவது பிடிக்கத் தேடினார். கையில் அகப்பட்டது என் கழுத்தில் இருந்த சிமிழ்ப் பையின் கயிறு. அதை முறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் கரியும் ரத்தமும் இருந்தன. நான் எடுத்துவிடவில்லை.

திருச்சுழி ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டி, அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஜீப் வந்தது. "நீங்க யாரு, சொந்தமா?" என்று நர்ஸ் கேட்டபோது "ஆமா" என்றேன். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில், பினாயில் வாடைக்கும் அழுகைக்கும் நடுவே, சுவரோரமாக உட்கார்ந்து பையை நெஞ்சுப்பக்கம் திருப்பி, அதன்மேல் கைவைத்து ஜெபித்தேன். பீடத்துக்கு முன்னால் செய்த எந்த ஆராதனையும் எனக்கு அவ்வளவு கனமாக இருந்ததில்லை. சேதி கேட்டுக் காளியம்மாளின் வீட்டுக்காரர் வந்து சேர்ந்ததும், ஒரு நிமிஷம்கூட நிற்காமல் பஸ் ஏறினேன்.

கண்மாய்க் கரையிலேயே ஒப்பாரி கேட்டுவிட்டது.

ஞானமுத்து உச்சிவேளைக்கே போய்விட்டிருந்தார். வாசலில் அந்தோணி நின்றார். என் சட்டையில் இருந்த கரியைப் பார்த்தார். என்ன நடந்தது என்று சுப்பையா முன்னமே வந்து சொல்லியிருக்கிறார்.

"வாயத் தொறந்துக்கிட்டே கெடந்தாக, உபதேசியாரே. ஒவ்வொரு சத்தத்துக்கும் நீங்கதான்னு தொறந்தாக. தொறந்த வாயோடயே போயிட்டாக."

சிமிழ்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எவளோ கரிமூட்டக்காரி ஒங்களுக்குப் பெருசாப் போயிட்டா. ஒங்கள நம்பி மொதல்ல வாயத் தொறந்த மனுசன் எங்கப்பா."

வாசல் வழியே உள்ளே தெரிந்தது. பலகை, அதன்மேல் வெள்ளைத் துணி, சிலுவை, கிண்ணத்தில் தண்ணீர். நான் சொல்லிக் கொடுத்திருந்தபடியே ஒன்றும் குறையாமல் இருந்தன. மெழுகுவர்த்தி அடிவரைக்கும் எரிந்து துணியில் உறைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஞானமுத்துவின் மனைவி சூசையம்மா உட்கார்ந்திருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை, பார்க்கவும் இல்லை. ஜெபம் சொல்ல முழங்காலிட்டேன். "வேணாம். போங்க" என்றார் அந்தோணி. எழுந்து வந்தேன்.

இஞ்ஞாசி சாமி அப்போதுதான் திரும்பியிருந்தார். நடந்ததைச் சொன்னேன். என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த பையைத்தான் பார்த்தார். அதன் வெள்ளைத் துணி கறுப்பும் சிவப்புமாக இருந்தது. சிமிழை வாங்கி, அந்த முழங்காலை ஊன்றி, நற்கருணையைப் பேழையில் வைத்துப் பூட்டினார். எழுந்து திரும்பியபோது கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு பிழைக்குமா?"

"உயிருக்குப் பயமில்லன்னாக. காலு எப்படின்னு தெரியாது."

"ஞானமுத்துவுக்காக நாளைக்கு நானே பூசை வைக்கிறேன். நீங்களும் வாங்க."

"சாமி, நான் செஞ்சது..."

"பையைக் கொடுங்க" என்றார். பீடத்துத் துணியை அலசுகிற அதே ஏனத்தில் அந்தப் பையை அவரே அலசினார். கரியும் ரத்தமும் கரைந்த அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் வேம்பின் தூரில் ஊற்றினார். எனக்கு அதற்குமேல் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அடக்கப் பூசை முடிந்ததும் ஊர்க்காரர்கள் சாமியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். "இவரு இனிமே எங்க ஊருக்கு வர வேணாம் சாமி. வேற ஆளப் போடுங்க" என்றார்கள்.

"நேத்து நான் வந்திருந்தாலும் ஞானமுத்து காத்துத்தான் கிடந்திருப்பாரு" என்றார் சாமியார். "அந்த அலறலைக் கேட்டும் நிக்காம நேரா இங்க வந்திருந்தேன்னா, என் கையால நீங்க யாரும் வாங்கக் கூடாது. உங்க துக்கம் நியாயம். அவரை மாத்த மாட்டேன்."

அதற்கு மேல் ஊர் பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு யாரும் சிற்றாலயத்துக்கு வரவில்லை. நான் போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் பெருக்கினேன், பீடத்தைத் துடைத்தேன், மெழுகுவர்த்தி ஏற்றினேன், வாசகத்தை உரக்க வாசித்தேன். மறுமொழி சொல்ல ஆள் இல்லாததால் அதையும் நானே சொன்னேன். அடுத்த வாரமும் அப்படித்தான். வேறு பங்குக்கு மாற்றல் கேட்கச் சொல்லி வீட்டில் சொன்னார்கள். வணங்குவதற்குத்தானே போகிறேன், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வணங்கப்படுகிறவர் அங்கே இருக்கிறாரே என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வீம்பும் இருந்திருக்கும். ஆனால் அன்றைக்குச் செய்தது சரி என்று நம்புகிறவன், அதற்குப் பயந்து ஓடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் மறுமொழி கேட்டது. சூசையம்மா முக்காடு போட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தார். ஜெபம் முடிந்ததும் கிட்டே வந்தார்.

"அந்தப் புள்ள எந்த ஆசுபத்திரில இருக்கு?"

"அருப்புக்கோட்டையிலதாம்மா. இன்னும் அங்கதான் இருக்கு."

"என்னையக் கூட்டிக்கிட்டுப் போங்க. எங்க வீட்டுக்கு வரவேண்டிய சாமி யாருகிட்டப் போச்சுன்னு நான் பாக்கணும்."

அவர் குரலில் என்ன இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ் ஏறிக் கூட்டிப்போனேன். வார்டில் காளியம்மாள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். மடக்க முடியாது என்றார்கள். வந்திருப்பது யார் என்று நான் சொன்னதும் காளியம்மாள் அழத் தொடங்கினார். "ஒங்க வீட்டு ஐயாவுக்குத் தண்ணி கூட ஊத்த விடாமப் பண்ணிட்டேனே, அம்மா" என்றார். சூசையம்மா கட்டிலை ஒட்டி வந்து நின்றார். பக்கத்தில் கஞ்சி ஆறிப்போய் ஆடை படிந்து இருந்தது.

"இதக் குடிக்கலையா?"

"எறங்க மாட்டேங்குது."

சூசையம்மா கட்டிலில் உட்கார்ந்தார். ஆடையை ஒதுக்கிவிட்டு ஒரு கரண்டி எடுத்தார். "வாயத் தொற" என்றார்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சூசையம்மாவோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் சிற்றாலயம் பாதி நிரம்பியது. அந்தோணி மட்டும் வெளியே நிற்பார். ஜெபம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விடுவார். சாமியார் வருகிற ஞாயிறுகளில்தான் நற்கருணை வாங்குவார், அதுவும் சாமியார் கையால். நான் வற்புறுத்தவில்லை. அப்பா வாய் திறந்து கிடந்ததைப் பார்த்த மகன் அவர்; அவருக்கு நான் என்ன நியாயம் சொல்ல முடியும்? சரியானதைச் செய்தாலும் அதற்கு இன்னொருவர் அழ வேண்டியிருக்கலாம். அந்த அழுகையையும் தலைகுனிந்துதான் ஏற்றுக்கொள்ள வேண்டும். இஞ்ஞாசி சாமி மாற்றலாகிப் போகும்போதுகூட அந்தோணி என்னிடம் பேசத் தொடங்கியிருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, அதே அந்தோணி சைக்கிளை மிதித்துக்கொண்டு பங்குக் கோயிலுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. புதிதாக வந்திருந்த சாமியார் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு, "நானே வாரேன்" என்றார்.

"நீங்க பொறகு வந்து மந்திரிங்க சாமி" என்ற அந்தோணி, என் பக்கம் திரும்பினார். "அம்மா ஒங்களத்தான் வரச் சொல்லுது."

கை கழுவினேன். சிமிழைக் கழுத்தில் மாட்டி, துண்டைக் கட்டினேன். சைக்கிளைக் கோயிலிலேயே போட்டுவிட்டு அந்தோணி என்னோடு பஸ் ஏறினார். இறங்கியபின் எனக்கு முன்னால் நடந்தார். பாதையில் கிடந்த கருவேல முள்ளைக் காலால் ஒதுக்கி ஒதுக்கிப் போட்டுக்கொண்டே போனார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்மாய்க் கரைக்குக் கீழே புகைந்துகொண்டிருந்த கரிமூட்டம் ஒன்றின் பக்கம் வந்தபோது அவர் நின்றார். சுற்றிப் பார்த்தார். மேலே மண் அப்பிக்கொண்டிருந்தவர்கள் கையசைத்த பிறகு நடந்தார்.

வீட்டில் பலகை போட்டிருந்தது. மெழுகுவர்த்தியை அந்தோணி ஏற்றினார். சூசையம்மாவுக்கு மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. நான் சிமிழைத் திறந்து நற்கருணையை உயர்த்திப் பிடித்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. என்னை உற்றுப் பார்த்தார்.

"வழியில யாரும் விழுந்து கெடக்கலையே?"

கட்டிலின் கால்மாட்டில் முழங்காலிட்டிருந்த அந்தோணிதான் பதில் சொன்னார்.

"இல்லம்மா. நல்லாப் பாத்துக்கிட்டேதான் வந்தோம்."

சூசையம்மா வாயைத் திறந்தார்.